வெரோனாவில் இறங்குகிறோம், அண்ணே

அண்ணே,

அப்பாவின் தலைத்திவசத்துக்கு நான் வரவில்லை. விமான டிக்கெட் விலை, லீவு, இவருடைய வேலை என்று மூன்று காரணங்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். மூன்றும் உண்மைதான். மூன்றையும் கூட்டினாலும் முழுக் காரணம் வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நீ ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை.

இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. வேறு என்ன வழி வைத்திருக்கிறாய்? வாட்சப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆனால் இங்கே நான் எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறாயாம். அண்ணி சொன்னார். அதற்காக அவரைத் திட்டாதே.

திவசம் வருகிற அதே வாரத்தில் நாங்கள் இத்தாலி போகிறோம். நாலு நாள். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "அப்பன் திவசத்துக்கு வர நேரமில்லை, ஊர் சுற்ற நேரம் இருக்கு" என்று கும்பகோணத்து அத்தை சொல்லப்போவது எனக்கு மியூனிக்கிலேயே கேட்கிறது. அத்தை, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். நமஸ்காரம்.

எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யவே மூன்று வாரம் ஆனது. இவருக்குச் சிங்க்வே தெர்ரே. கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து கிராமங்கள், அலுவலகத்தில் யாரோ படம் காட்டியிருக்கிறார்கள். இங்கிருந்து போய்ச் சேரவே ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஆகஸ்ட் கூட்டத்தில் மிச்சமிருக்கும் இரண்டு நாளும் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ரோம் நாலு நாளுக்கு அடங்காது. அமால்ஃபி அதைவிடத் தெற்கே. கார்தா ஏரி பக்கம்தான், ஆனால் மியூனிக்காரர்களுக்குக் கார்தா என்பது நம் ஆட்களுக்கு ஏற்காடு மாதிரி. அங்கே போனால் எதிர்வீட்டுக்காரரை நீச்சல் உடையில் பார்க்க நேரும். அதுவும் ஆகஸ்ட் 15-க்குள் திரும்பிவிட வேண்டும். அன்று ஃபெர்ராகோஸ்தோ, இத்தாலியே கடையைச் சாத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் கிளம்பிவிடும்.

வெனிஸ் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நெரிசலான நாட்களில், ராத்திரி தங்காமல் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், 2024-இல் 5 யூரோவில் ஆரம்பித்தார்கள். அதைக் காரணமாகச் சொல்லலாம் என்று தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

உன் மருமகள்தான் கடைசியில் கேட்டாள். இப்போது பதினாறு வயது, பேசுவதே அபூர்வம். ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "தாத்தா ஊருக்குப் போலாமே" என்றாள். எனக்கு முதலில் நம் ஊர் என்றுதான் பட்டது. திவசத்துக்குப் போகச் சொல்கிறாள் என்று நினைத்து, வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை. "அந்த ஊர் இல்லம்மா. நான் எழுதிக் கொடுத்தேனே, அந்த ஊர்."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்று சொல்லாதே.

2018 மே. வெனிஸுக்கு டிக்கெட் எடுத்தது நான். "இவ்வளவு தூரம் வந்து வெனிஸ் பார்க்காமல் போனால் ஆபீசில் சிரிப்பார்கள்" என்றது நீ. முந்தின ராத்திரி அப்பா என்னிடம் வந்து, "காஸ்திகிலியோன் போற வழியிலதானே இருக்கு?" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே "பார்க்கலாம்ப்பா" என்றேன். நம் வீட்டில் "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம். அதை நமக்குப் பழக்கியவரே அவர்தான். சைக்கிளுக்குப் பார்க்கலாம், எக்ஸ்கர்ஷனுக்குப் பார்க்கலாம். ஆனால் மகள் வாயிலிருந்து வந்தபோது அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

வீரமாமுனிவர் பிறந்த அந்த ஊரின் பெயரை அவர் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். அதில் 'கி' என்ற ஒலியே கிடையாது, காஸ்தில்யோனே என்றுதான் இங்கே சொல்வார்கள் என்று ஒருநாள் திருத்தினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஏ-வுக்குக் கால் போட்டுக் கொடுத்தான், ஓ-வுக்குச் சுழி போட்டுக் கொடுத்தான். அவன் ஊர்ப் பேரை நாம முந்நூறு வருஷமாத் தப்பாச் சொல்லிக்கிட்டிருக்கோம் பாரு!" வீரமாமுனிவரை அவர் மட்டும்தான் அவன் இவன் என்பார், ஏதோ கூடப் படித்தவர் மாதிரி. நாம் வேதக்காரர்கள் இல்லை. இருந்தும் திருமானூரிலிருந்து நம்மை முன்னும் பின்னும் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்கு மிதித்தவர். மாதா கோயிலில் கும்பிட்டுவிட்டு, 1732-இல் ஒருத்தன் இந்த மண்ணில் உட்கார்ந்து தமிழுக்கு அகராதி முடித்தான் என்று ஆரம்பித்தால், பொரி தீர்ந்துபோகும் வரை நிறுத்த மாட்டார்.

சரி, ரயில்.

வெரோனாவில் வண்டி நின்றது. நீ காதில் பாட்டு மாட்டியிருந்தாய். நான் ஃபோனில் வெனிஸ் படகு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்தது எனக்குத் தெரிந்தது. கழிப்பறைக்கு என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். பிளாட்பாரத்தில். வெள்ளை வேட்டி, அண்ணி கட்டாயப்படுத்திப் போட்டுவிட்ட ஸ்வெட்டர், கையில் மஞ்சள் பை. நாம் இறங்கி வருவோம் என்று ரயில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் துண்டுக் காகிதம். அதில் உன் மருமகள், அப்போது ஒன்பது வயது, கலர் பென்சிலில் ஜெர்மனில் எழுதியிருந்தாள்: வெரோனா, இறங்கவும். மாந்துவாவுக்கு ரயில். பிறகு பஸ். பேத்தியும் தாத்தாவும் இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட திட்டம். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றே இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

நீ ஓடினாய். அதற்கு மேல் நடந்ததை இங்கே வரிவரியாக எழுத மாட்டேன், படிப்பவர்களுக்கு அது தேவையில்லை. நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஸ்வெட்டரின் தோள்பட்டை ஒருபக்கமாக இழுபட்டபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். வெனிஸ் வரும் வரை அதைச் சரி செய்துகொள்ளவே இல்லை. பதுவா தாண்டியதும் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து, முதலில் உனக்குத்தான் வைத்தார்.

அந்தக் கோபம் எனக்கு ஏழு வருடம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் உன்னிடம் மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டேன், நிலம் உட்பட. (நிலத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம்.)

அப்பா நமக்குச் சொன்ன பரமார்த்த குரு கதை ஞாபகம் இருக்கும். ஆற்றைத் தாண்டியதும் ஆளாளுக்கு எண்ணுவார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒருத்தன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி வைப்பார்கள். அன்று அப்பாவை நோகடித்தவர்கள் எத்தனை பேர் என்று நானும் ஏழு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒருத்தன்தான் வந்தது. நீ ஓடிப்போய்க் கையைப் பிடித்தாய், வண்டி கிளம்பிவிடுமே என்ற பயத்தில் கத்தினாய். நான் இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை அண்ணே. அடுத்த வண்டியில் போகலாம், இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். அதைத்தான் நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்.

ஆனால் போன ஆடியில் நீ "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று சொன்ன அந்த நாலு நாளை நான் எப்படிக் கணக்கில் வைப்பது? எந்த ஆஸ்பத்திரி, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வராது. என்னைப் பதற வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். இரவெல்லாம் நீ தனியாக அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய் என்று அண்ணி சொன்னபோது அழுதேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் மூச்சு இருக்கும்போது முகம் பார்த்திருப்பேன். என்னை ஐஸ் பெட்டியைப் பார்க்க வைத்தாய். இதை எழுதக் கூடாது என்று இரண்டு தடவை அழித்தேன்.

இந்த நாலு நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை வண்டி, ப்ரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கு ஐந்தரை மணி நேரம். அங்கே இறங்குகிறோம். மாந்துவாவில் மூன்று இரவு. அங்கிருந்து ப்ரேஷா போகும் பஸ் காஸ்தில்யோனே வழியாகத்தான் போகிறது, நாற்பது கிலோமீட்டருக்குள். அந்த ஊருக்கு ரயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதே என்று கூட வேலை செய்யும் இத்தாலியப் பெண் சொன்னாள். இன்னொரு வேடிக்கை, இத்தாலியில் தடுக்கி விழுந்தால் ஒரு காஸ்தில்யோனே. அவசரத்தில் டஸ்கனி கடற்கரையில் இருக்கும் இன்னொரு காஸ்தில்யோனேயில் அறை போட இருந்தேன். இவருக்குக் கடைசி நொடியில் ஒரே சந்தோஷம், எப்படியோ கடல் வந்துவிட்டதே என்று. முனிவர் ஊரின் முழுப் பெயர் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. குறித்துக்கொள், என்றைக்காவது வருவாய்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் அன்று நாம் போகவில்லை. 1680-இல் அவர் பிறந்த ஊர். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் சொல்ஃபெரினோவில் 1859 ஜூன் 24-இல் பெரிய போர். காயம்பட்டவர்களை வண்டி வண்டியாக இந்த ஊர்க் கோயிலுக்குத்தான் கொண்டுவந்து கிடத்தினார்களாம். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். கேட்டதற்கு "துத்தி ஃப்ரதெல்லி" என்றார்களாம், எல்லாரும் அண்ணன் தம்பிகள். ஜெனீவாவிலிருந்து வேறு வேலையாக வந்த ஆன்றி துனான் அதைப் பார்த்ததில்தான் செஞ்சிலுவையே கிளம்பியது. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணன் தங்கைக்கு என்ன சொல்வார்கள் என்று அந்தப் பெண்கள் சொல்லிவைக்கவில்லை.

மாந்துவாவில் ஓர் அரண்மனை. அதில் மாந்தெஞா என்ற ஓவியர் 1474-இல் முடித்த ஒரு அறை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூரையில் வட்டமாக வானம் திறந்திருப்பது மாதிரி வரைந்திருக்கிறார், அந்த வட்டத்தைச் சுற்றிப் பெண்கள் நின்று கீழே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் நம் குடும்பக் குழுதான் ஞாபகம் வந்தது.

ஊரைச் சுற்றி மின்சியோ ஆறு மூன்று ஏரியாகத் தேங்கியிருக்கிறது. ஒரு ஏரி முழுக்கத் தாமரை. நம் தாமரையேதான், 1921-இல் யாரோ கொண்டுவந்து விட்டு, இன்றைக்குப் படகு போக இடமில்லாத அளவுக்கு மண்டிவிட்டது. ஜூலை, ஆகஸ்டில்தான் பூக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், விதை கொடுத்தது யார், கணக்குத் தீர்ந்தது என்று ஆரம்பித்திருப்பார்.

பூசணிக்காயை வேகவைத்து மசித்து உள்ளே வைத்துக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்வார்களாம் அங்கே, தொர்த்தெல்லி என்று பெயர். இனிப்பாக இருக்குமாம். அவருக்குப் பிடித்திருக்கும். சர்க்கரை இருக்கிறது என்று நீ தட்டைப் பிடுங்கியிருப்பாய்.

பயப்படாதே, ஏரியில் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போவதில்லை. அது உன் உரிமை, எனக்குத் தெரியும், எத்தனை பேர் எத்தனை தடவை தெரியப்படுத்தியிருக்கிறார்கள். நீ நன்றாகச் செய்வாய். படையலில் வாழைக்காய் வறுவல் வை. பாகற்காயை முறைக்காக வைப்பதாக இருந்தால் ஓரமாக வை.

ஐயர் பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லியிருப்பதாக அண்ணி எழுதினார். இங்கே அப்போது காலை எட்டரை. மாந்துவாவில் நான் ப்ரேஷா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன், உன் மருமகள் அந்தக் காகிதத்தை மறுபடி எழுதி வைத்திருக்கிறாள். படைத்து முடித்ததும் கூப்பிடுவதானால் கூப்பிடு. அண்ணி ஃபோனிலிருந்து வேண்டாம்.