பரணில் இருக்கும் பேய்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரு காலத்தில் வீடியோ கடை வைத்திருந்த அண்ணன்மார்களுக்கும், அந்தக் கடைச் சாமான்களை இன்னும் பரணில் ஏற்றி வைத்திருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய கேசட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். முக்கியமாகப் பேய்ப் படங்களை. ரஜினி, கமல் படங்களைப் போட்டால்கூட நான் சண்டைக்கு வரமாட்டேன். அவற்றைப் பார்த்துக்கொள்ள டிவிக்காரர்கள் இருக்கிறார்கள், யூடியூப் இருக்கிறது. நான் கேட்பது, போஸ்டர் பசை காய்வதற்குள் தியேட்டரை விட்டு ஓடிப்போன படங்களை. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், ஒரு பாழுங்கிணறு, ஒரு கறுப்புப் பூனை. அதற்கு மேல் செலவு செய்யத் தயாரிப்பாளரிடம் காசு இல்லை.

அந்தக் காலத்துப் பேய்ப் படம் எல்லாமே அப்படியில்லை. தாணு தயாரித்து அர்ஜுன் நடித்த ‘யார்?’ (1985), ஜி.எம்.குமார் எடுத்த ‘உருவம்’ (1991) எல்லாம் தப்பித்துவிட்டன. பார்த்துப் பயந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவையும், பக்கத்து மாநிலத்திலிருந்து அவசர அவசரமாக டப் செய்து இறக்கியவையும்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தியேட்டரைவிட உங்கள் கடைதான் வாழ்வு கொடுத்தது. சனிக்கிழமை ராத்திரி டிவியும் கேசட் ஓட்டும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தால், குடும்பப் படம் முடிந்து கடைசியாகத்தான் பேய்ப் படம். பிள்ளைகள் தூங்கிய பிறகு போடலாம் என்பார்கள். எந்தப் பிள்ளை தூங்கியது?

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய ரிமோட் குவியலுக்குள் கிடைத்த கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ‘347 – பேய்’ என்று எழுதியிருக்கிறது. டெக்கில் போட்டால் முதலில் யார் வீட்டுக் காதுகுத்தோ ஓடுகிறது. தாய்மாமன் மடியில் குழந்தை வீரிடுகிறது, ஆசாரி ஊசியை எடுக்கிறார், படக்கென்று திரை கோடு கோடாகி, நடுக்காட்டில் ஒரு ஜீப் பழுதாகி நிற்கிறது. படத்தின் பெயர், நடித்தவர்கள், எடுத்தவர் எல்லாம் காதுகுத்தோடு அழிந்துவிட்டன. அடியில் ஒரு பாத்திரக்கடை விளம்பரம் மட்டும் விடாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

படம் மட்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நடு ராத்திரி என்கிறார்கள். மரத்தடியில் நிழல் கத்தரித்து ஒட்டியதுபோல் விழுகிறது. பகலில் எடுத்து நீலமாக்கி ராத்திரி என்று காட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டரும் லைட்டும் வேண்டுமே. பங்களா ஊஞ்சல் தானாக ஆடும் இடத்தில், அதை இழுக்கும் தங்கூஸ் தூண்டில் நரம்பு வெளிச்சம் பட்டு மின்னுகிறது. முதுநகர் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இந்த நரம்பு பெரிய மீனுக்குத் தாங்காதுங்க” என்றார்.

ஆனால் ஓர் இடம் இருக்கிறது. பேயாக வரும் பெண் குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நம்மைப் பார்த்து நிற்கிறார். இசை கிடையாது. காசில்லாமல் விட்டார்களா, யோசித்து விட்டார்களா, அவர்களுக்கே வெளிச்சம். நான் எழுந்து போய் லைட்டைப் போட்டேன். அந்த நடிகை யார் என்று யாரிடம் கேட்பது?

மட்டமான படத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நம் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்கே இந்தக் கதி என்றால், ஊர் பேர் தெரியாத பேய்க்கு யார் காவல்? 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’வை, அனுமதி இல்லாமல் ‘டிராகுலா’ நாவலை எடுத்தாண்டதற்காக அழித்துவிடச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த பிரதிகளால் பிழைத்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சில நண்பர்கள் 1968-இல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைதானே என்று ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. தலைப்பை மாற்றும்போது காப்பிரைட் அறிவிப்பு விடுபட்டுப்போக, யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம் என்றாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு நஷ்டம், படத்துக்கு ஆயுசு. 1999-இல் அந்நாட்டு அரசே அதைப் பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், செட்டுப் போட வசதியில்லாததால் இந்தப் படங்களை நிஜ வீடுகளில், நிஜத் தெருக்களில் எடுத்தார்கள். அன்றைய சமையற்கட்டும் பஸ் ஸ்டாண்டும் இருந்தபடி இருக்கின்றன. பெரிய படங்களில் இது கிடைப்பது கஷ்டம்.

சரி, என்ன செய்யவேண்டும்? நம்முடையது கடலோரம்; ஈரக்காற்றே டேப்புக்குப் பாதி எமன். ‘தானே’ புயலில் கூரை போய் நனைந்த பெட்டிகள் எத்தனையோ. கேசட்டைத் திறந்து பாருங்கள். சுருளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சணம் என்று அர்த்தம். ஆசைப்பட்டு டெக்கில் போடவேண்டாம். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். துடைக்கவும் வேண்டாம். நல்லதாக இருந்தால் புத்தகம்போல நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் இல்லாமல், காய்ந்த இடத்தில் வையுங்கள். ஓடுகிற டெக் இருந்தால் அதையும் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-இல் நிறுத்தியபிறகு புது டெக் வருவதே இல்லை.

திருட்டுக் கேசட்டாயிற்றே என்று கூச்சப்படவும் வேண்டாம். சினிமாவுக்கு நம் சட்டப்படி உரிமை 60 ஆண்டு. 1985-இல் வந்த படத்துக்கு 2045 முடியும்வரை சொந்தக்காரர் உண்டு. அதனால் நெட்டில் ஏற்றப்போவதில்லை. அழிவதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவைத்து, உரிமைக்காரரைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதுதான் எண்ணம். இங்கே உள்ள ஃபிலிம் சொசைட்டி நண்பர்களும் இதில் கை கொடுத்தால் நல்லது. உலக சினிமாவுக்கு நடுவே ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. கேசட் எல்லாம் போய்விட்டது என்றாலும், நம்பர் போட்டுப் படப்பெயர் எழுதிவைத்த அந்த நீள நோட்டு எங்காவது கிடக்கும். அதைத் தேடுங்கள். 347-க்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதே நோட்டில் யார் யார் கேசட்டைத் திருப்பித் தரவில்லை, யார் யார் வாடகை பாக்கி என்ற கணக்கும் இருக்கும். அதைப் பற்றி நான் வெளியே மூச்சு விடமாட்டேன்.

இப்படிக்கு,
நெல்லித்தோப்பிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர்