வேப்பமரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடு

மதுரை,
மார்ச் 14.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து உன் கணவர் வீடு திரும்பிவிட்டார் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. நான் நலம் விசாரித்ததாக அவரிடம் சொல். மீதிக் கடிதம் முழுவதும் வேளச்சேரி வீட்டைப் பற்றிய வருத்தமாகவே இருந்தது. மகள் ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன பதினோரு தொட்டிகளில் ஒன்பது, நீங்கள் மருத்துவமனையில் இருந்த நாட்களில் காய்ந்துவிட்டன என்றும், மிஞ்சிய இரண்டின் அடித்தட்டுத் தண்ணீரில் கொசுப்புழு இருப்பதாகச் சுகாதாரப் பணியாளர் எச்சரித்ததால் அவற்றையும் கொடுத்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு, "செடியும் போய்விட்டதென்றால் இது வெறும் பெட்டிதான்" என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

காரைக்குடிப் பக்கத்தில் என் தாத்தா வீட்டுக்குப் பள்ளி விடுமுறைகளில் நீயும் வந்திருக்கிறாய். முற்றத்துத் துளசி மாடத்தைத் தவிர அந்த வீட்டுக்குள் ஒரு செடி இருந்ததாக நினைவிருக்கிறதா? செடி கொடியெல்லாம் கொல்லையில்தான். ஆனாலும் மழை வீட்டுக்கு நடுவில் பெய்தது. முற்றத்துத் தூண்களின் நிழல் எந்தப் படியைத் தொடுகிறது என்று பார்த்தே ஆச்சி உலை வைத்தார். பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த கல்தரையில் படுத்துத்தான் நாம் மே மாதத்தைக் கழித்தோம். வெளியே நடப்பது வீட்டுக்குள் தெரிந்தது. நமக்கு வேண்டியது அதுதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். முற்றத்தை அடுக்குமாடிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் முற்றம் செய்த வேலைகளில் பலவற்றை ஜன்னலும் சுவரும் தரையும் செய்யும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நான் முதலில் செய்த வேலைக்கு ஒரு சாக்பீஸ் மட்டுமே செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை, தரையில் விழுந்த வெயிலின் விளிம்பை ஒவ்வொரு மணிக்கும் கோடாக வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதினேன். எட்டு மணிக்கு வெயில் நேராகச் சமையலறை மேடையில் விழுவதும், நான் நாற்காலி போட்டிருந்த மூலைக்கு நாள் முழுவதும் ஒரு கீற்றுகூட வராததும் அன்றுதான் தெரிந்தன. மறுநாளே நாற்காலி இடம் மாறியது. அடுத்தடுத்த மாதங்களில் மீண்டும் வரைந்தபோது கோடுகள் நகர்ந்திருந்தன. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மதுரையில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் வெயிலையே காணாத என் வடக்கு ஜன்னலில் அப்போது மட்டும் ஒரு மெல்லிய பட்டை ஒளி ஏறி உட்கார்ந்துகொள்ளும். சென்னை இன்னும் சற்று வடக்கே இருப்பதால் உனக்கு அது ஏப்ரல் கடைசியில் தொடங்கும், பார்த்து எழுது. அந்த ஒளியைத் தடுக்காமல் இருக்க, பளபளக்கும் கனத்த திரைகளைக் கழற்றிவிட்டுக் காடாத் துணியில் திரை தைத்துப் போட்டேன். வெயில் அதன் வழியாக மோர் நிறத்தில் வருகிறது. மேகம் கடந்தால் அறை முழுவதும் ஒரு நொடி மங்கி மீள்கிறது.

சுவரைப் பொறுத்தவரை நான் ஒரு தவறு செய்தேன். நீயும் அதைச் செய்துவிடாதே. கூடத்து மேற்குச் சுவரில் ஈரம் இருந்தது. பெயின்ட் வேலைக்கு வந்தவர், சுண்ணாம்பெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்று சொல்லிப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துக்கொடுத்தார். நானும் சரி என்றேன். ஐப்பசி மழை முடிவதற்குள் சுவர் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. நகத்தால் தொட்டால் தோல்போல உரிந்து, அடியில் உப்புப் பூத்திருந்தது. உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டைத் தள்ளியிருக்கிறது. பிறகு மொட்டை மாடி ஒழுக்கை முதலில் அடைத்து, சுவரைச் சுரண்டி, ஒரு கோடை முழுவதும் காயவிட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பை மூன்று கை அடித்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நுண்துளைகள் இருப்பதால் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடுகிறது. அதைவிட, சீரான பெயின்டில் காணாத ஒரு மேடுபள்ளம் அதில் உண்டு. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டை இழுத்த தடங்கள், நீர் வற்றிய ஆற்று மணலின் வரிகளைப்போலத் தெரிகின்றன.

வண்ணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். செங்கல், களிமண், மணல், காய்ந்த வைக்கோல் இவற்றின் நிறங்களே போதும். காட்டுப்படம் அச்சிட்ட சுவர்த்தாளையும் பிளாஸ்டிக் புல்விரிப்பையும் மட்டும் வாங்கிவிடாதே. அவை காலையிலும் மாலையிலும், சித்திரையிலும் மார்கழியிலும் ஒரே மாதிரி இருக்கும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். கூடத்தில் 10 அடிக்கு 12 அடி இடத்தில் மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் அந்த ஊருக்கே போய் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சதுரச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூவின் வரிகளாக வளைத்த தகர அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமென்ட் கூழைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்ததும் அச்சைத் தூக்குகிறார் அந்த மனிதர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் ஒன்றையொன்று தொட்டு நின்றனவே தவிரக் கலக்கவில்லை. அதன் மேல் உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பின்னால் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து காயவைக்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் முகம் அதைப்போலவே வழவழப்பாக இருக்கிறது. கையால் ஊற்றுவதால் இரண்டு கற்கள் அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. என் தரையில் ஒரு பூவுக்கு ஓர் இதழ் சற்றுத் தடித்திருக்கிறது, அந்தக் கல்லைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். நடக்க நடக்க மெருகு ஏறுகிறது. சமையலறையில் பழைய கடப்பாக் கல் மேடையையும் மாற்றவில்லை. அதுவும் சுண்ணாம்புக்கல் இனம்தான் என்பதால் எலுமிச்சைச் சாறு பட்ட இடங்களில் வெளுத்த தடம் விழும். நான் ஊறுகாய் போட்ட நாட்களின் கணக்கு அதில் இருக்கிறது.

நீ தரையைப் பெயர்க்க வேண்டாம், நோயாளி இருக்கும் வீட்டில் தூசி ஆகாது. காலுக்குக் கீழே வழுக்கும் ஓடு மட்டுமே இல்லாமல், கோரையோ தேங்காய் நாரோ படும்படி ஓரிரு இடங்களில் விரித்தாலே நடை மாறிவிடும்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. நீயோ தூசி வருகிறதென்று கிழக்கு ஜன்னலை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருக்கிறாய். சென்னையில் கோடைப் பகலின் புழுக்கத்தைக் குறைப்பதே அந்தத் திசையிலிருந்து வரும் கடற்காற்றுதான். கொசுவலை அடித்துக் கதவைத் திற; எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு வழியும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அது உள்ளே வராது. என் வீட்டில் வைகாசியில் மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி மாலையில் நீர் தெளிப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை உள்ளே வரும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அறை குளிர்கிறது. முதல் கைநீர் பட்டதும் எழும் மணம், புழுதியில் விழும் முதல் மழையின் மணத்துக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் இது மதுரையின் வறண்ட வெயிலுக்கு ஏற்றது. உன் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி, தண்ணீர் எளிதில் ஆவியாகாது; புழுக்கம்தான் கூடும். மணம் வேண்டுமென்றால் ஒரு பிடி வேரை மண்பானைத் தண்ணீரில் போட்டு வை.

இப்போது, இந்தக் கடிதத்தை நான் எழுதியதற்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். உன் கணவரின் கட்டில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது என்றும், பக்கத்து மனையின் வேப்பமரம் அவர் தலைக்குப் பின்னால் ஜன்னலில் தெரிகிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தாய். அமெரிக்காவில் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972க்கும் 1981க்கும் இடையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டி, ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரையும், வயது முதலியவை ஒத்துவரும்படி இணை சேர்த்து ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள், மற்றவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. கடுமையான வலி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலைத் திருப்பிப் போடுவதற்குக் காசு செலவில்லை. தலைமாடு வாசல் பக்கம் இருக்கட்டும், ஜன்னல் அவர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும். நீ தனியாக இழுக்காதே. வாட்ச்மேனையும் ஒரு கை பிடிக்கச் சொல். சித்திரை பிறப்பதற்குள் மரம் பூத்துவிடும். கொசுவலையைத் தாண்டிச் சில பூக்கள் அவர் போர்வையில் விழுந்தால் உடனே பெருக்கித் தள்ளிவிடாதே.

இத்துடன் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அவர் எழுந்து முதல் அடி வைக்கும் இடத்தை விட்டு, நீ உட்கார்ந்து அவரோடு பேசும் பக்கத்தில் அதை விரி; கால் தடுக்கக்கூடாது. ஈரத் துணியால் லேசாகத் துடைத்து நிழலில் உலர்த்து. மடிக்காதே, சுருட்டி வை. பிரித்த முதல் இரண்டு நாள் காய்ந்த புல்லின் மணம் அறை முழுவதும் இருக்கும்.

சாக்பீஸ் கோடுகளை வரைந்ததும் எந்த மணிக்கு எங்கே வெயில் விழுகிறது என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி