சீனப் புத்தர் கோவிலில் நம் ஊர்த் தூண்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஷூ சோல், ஃபோம், மெஷின் வாங்கச் சீனாவின் ஜின்ஜியாங்குக்குப் போகிறவர்கள் உண்டு. நானும் அப்படிப் போகிறவன்தான். ஃபேக்டரி, ஹோட்டல், ஏர்போர்ட் என்று வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். ஆனால் ஜின்ஜியாங்கை ஒட்டியே குவான்சோ பழைய நகரம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் தமிழர் யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குவான்சோவில் கி.பி. 686-இல் தொடங்கப்பட்ட கையுவான் புத்தர் கோவிலின் இரட்டைக் கல் கோபுரங்கள் பிரசித்தம். ஒவ்வொன்றும் 40 மீட்டருக்கு மேல் உயரம். சப்ளையர் அனுப்பிய பையன் அவற்றைக் காட்டத்தான் என்னை அழைத்துப் போனான். பெரிய மண்டபத்தின் மேடை அடியில் மனிதத் தலையும் சிங்க உடலுமாகச் சிற்பங்கள் வரிசையாக இருந்தன. எங்கோ பார்த்த சாயல். சரி, பின்பக்கமும் பார்த்துவிடலாம் என்று சுற்றிப் போனேன்.

பின் தாழ்வாரத்தில் இரண்டு கல் தூண்கள். மற்ற தூண்களோடு சேராமல், பதினாறு பட்டை போட்டு, வட்டங்களுக்குள் உருவங்கள் செதுக்கி, அப்படியே நம் ஊர்க் கோவில் மண்டபத் தூண். ஒரு வட்டத்தில் இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். இன்னொன்றில் மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். வேறொன்றில் கோபியரின் துணிகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிய அதே கண்ணன். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அந்த ஊரிலேயே வளர்ந்த பையனுக்கு மொபைல் மொழிபெயர்ப்பில் இரணியன் கதையைச் சொன்னேன். அவன் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். குவான்சோவில் தமிழ் வணிகர்கள் சிவன் கோவில் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, செகசைக் கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அப்போது சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். அடுத்த நூற்றாண்டுக் கலவரங்களில் வெளிநாட்டார் கோவில்கள் பல அழிந்தன. அவற்றின் கற்கள் நகரச் சுவருக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் சுவரை இடித்தபோது வெளிவந்த கற்களை வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் தேடித் தேடிச் சேகரித்தார். நம் முன்னோர் எழுப்பிய கோவிலின் கற்களை யாரும் கேட்காமலே காப்பாற்றிய அந்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இப்போது அந்த ஊர்க் கடல்சார் அருங்காட்சியகத்தில், லிங்கத்துக்குத் தாமரை சாத்தும் யானைச் சிற்பம்கூட இருக்கிறது. திருவானைக்காவில் நாம் கேட்டு வளர்ந்த கதை.

தமிழன் சீனாவை ஆண்டான் என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, அந்தக் கட்டுக்கதை நமக்கு வேண்டாம். சரக்கோடு கடல் தாண்டிப் போன வியாபாரிகள் அயல் மண்ணில் கோவில் கட்டிக் கும்பிட்டார்கள் என்பதே எனக்குப் போதும், நானும் ஒரு வியாபாரி என்பதால்.

தொல்லியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். சீனத் தரப்போடு பேசி, அந்த இரண்டு தூண்களுக்கும் யானைச் சிற்பத்துக்கும் நகல் செய்து நாகப்பட்டினத்தில் வைக்க வேண்டும். ‘சீனக் கோபுரம்’ என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் கோபுரம் அந்த ஊரில்தான் 1867-இல் இடிக்கப்படும்வரை நின்றது. நகலைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடாமல், பள்ளிப் பிள்ளைகள் சுற்றி வந்து எல்லாப் பட்டைகளையும் பார்க்கிற மாதிரி நடுவில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
காலணித் தொழில் செய்யும் வாசகர்,
ஆம்பூர்