‘தாக்குதல் வகை’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்

நிறுவனங்களின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும், நிகழ்வுப் பதிவேட்டின் படிவத்தை வடிவமைப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பதிவேட்டில் ‘தாக்குதல் வகை’ என்றொரு கட்டம் இருக்கும். சொடுக்கினால் பட்டியல் விரியும்: ஃபிஷிங் (ஏமாற்று மின்னஞ்சல்), மால்வேர் (தீய நிரல்), ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), டிடாஸ் (பல இடங்களில் இருந்து போக்குவரத்தைக் கொட்டிச் சேவையை முடக்குவது), உள்ளாள் வேலை, தரவுக் கசிவு, மற்றவை. ஷிஃப்டில் இருப்பவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் படிவம் சேமிக்கும். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பட்டியலை நிதானமாகப் பாருங்கள். ஃபிஷிங் என்பது உள்ளே வந்த வழி. மால்வேர் என்பது கையில் இருந்த கருவி. தரவுக் கசிவு என்பது விளைவு. உள்ளாள் என்பது ‘யார்’ என்ற கேள்விக்கான விடை. ரான்சம்வேரோ பாதி கருவி, பாதி விளைவு. வெவ்வேறு கேள்விகளின் விடைகளை ஒரே கூடையில் கொட்டிவிட்டு, ஒன்றை மட்டும் எடு என்கிறோம். போலி மின்னஞ்சலில் தொடங்கி, கடவுச்சொல் பறிபோய், கோப்புகள் வெளியேறி, கடைசியில் சர்வர்கள் பூட்டப்பட்ட ஒரே நிகழ்வைக் காலை ஷிஃப்ட்காரர் ஃபிஷிங் என்று பதிவார், இரவு ஷிஃப்ட்காரர் ரான்சம்வேர் என்று பதிவார். இருவர் மீதும் பிழை சொல்ல முடியாது.

பிழை ஆண்டு முடிவில்தான் வெளிப்படுகிறது. யாரோ அந்தக் கட்டத்தை எண்ணி வட்ட வரைபடம் போடுகிறார்கள். ரான்சம்வேர் துண்டு பெரிதாகத் தெரிகிறது. உடனே ரான்சம்வேர் தடுப்பு என்ற பெயரில் எதையோ வாங்கப் பணம் ஒதுக்கப்படுகிறது. எந்த வழியாக வந்து பூட்டினார்கள் என்பது வரைபடத்தில் இல்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் முடங்கியதை உலகம் ரான்சம்வேர் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. அங்கே நுழைந்த வழி, வெளியில் இருந்து நிறுவன வலையமைப்பில் இணைய உதவும் விபிஎன்னில், புழக்கத்தில் இல்லாத ஒரு பழைய கணக்கு; அதற்குக் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை. பழைய கணக்குகளை மூடும் வேலை எந்த ‘ரான்சம்வேர்’ பட்ஜெட்டிலும் வராது.

2017இல் அடுத்தடுத்து வந்த இரண்டு நிகழ்வுகள் இன்னும் தெளிவான பாடம். மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, ரான்சம்வேர் என்றால் மின்னஞ்சலில்தான் வரும் என்ற பழக்கத்தில் பலர் இணைப்புக் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவோ விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி சேவையின் ஓட்டை வழியாக, யாரும் எதையும் சொடுக்காமலே கணினிக்குக் கணினி தாவிய புழு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. ஜூன் 27 அன்று நாட்பெட்யா வந்தது. திரையில் பணம் கேட்டது. கொடுத்தாலும் கோப்புகளை மீட்க வழி இல்லை, ஏனெனில் அது அழிப்பான். உக்ரைனில் புழங்கிய ஒரு கணக்கியல் மென்பொருளின் அப்டேட் வழியாக நுழைந்து, நினைவகத்தில் இருந்து திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு, பேட்ச் போட்ட கணினிகளையும் பிடித்தது. இரண்டுக்கும் ‘ரான்சம்வேர்’ என்று ஒரே முத்திரை குத்தினால், முதலாவதற்குப் பேட்ச் போதும், இரண்டாவதற்குப் போதாது என்ற வேறுபாடு பதிவேட்டில் இருந்து மறைந்துவிடும்.

ஒரு கட்டத்துக்குப் பதில் ஐந்து வையுங்கள்: யார், எந்த வழியாக நுழைந்தார், உள்ளே என்ன செய்தார், எதைத் தொட்டார், என்ன கேடு விளைந்தது. இது புதிய யோசனை அல்ல. 1998இலேயே ஆய்வாளர்கள் ஹோவர்டும் லாங்ஸ்டாஃபும் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துக்காக எழுதிய அறிக்கையில், தாக்குபவர், கருவி, பலவீனம், செயல், இலக்கு, விளைவு, நோக்கம் என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் வெளியிட்ட, நிகழ்வுகளைப் பதிவதற்கான வெரிஸ் முறை செய்பவர், செயல், சொத்து, பண்பு (சொத்தின் எந்தப் பாதுகாப்பு கெட்டது) என நான்காகப் பிரிக்கிறது. அதில் ‘செயல்’ பகுதியில் மனிதப் பிழைக்கும் இயற்கைச் சேதத்துக்கும் தனி இடம் உண்டு. அதனால், தவறுதலாகப் பொதுவெளியில் திறந்து கிடந்த சேமிப்பகத்தைத் ‘தாக்குதல்’ என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

‘யார்’ கட்டத்தில் வெளியாள், உள்ளாள், கூட்டாளி நிறுவனம், தெரியவில்லை என்ற நான்கு போதும். தாக்குதல் குழுவின் பெயரை ஊகித்து எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் செய்திக்குறிப்புக்கு உதவும். வலையமைப்பின் வாசலில் போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலின் விதியை மாற்ற உதவாது.

‘உள்ளே செய்தது’ கட்டத்துக்கு தாக்குபவர்களின் உத்திகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் மைட்டர் அட்டாக் அட்டவணையைக் கையாளுங்கள். ஒரு நிகழ்வுக்குப் பல எண்கள் வரும். நேர வரிசையில் எழுதுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: எந்தப் பதிப்பின் எண் என்பதையும் கூடவே எழுத வேண்டும். 2020இல் துணை உத்திகள் சேர்க்கப்பட்டபோது விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லைப் பயன்படுத்தும் உத்தியின் டி1086 என்ற எண் டி1059.001 ஆனது, இணைப்புக் கோப்பு வழி ஃபிஷிங்கின் டி1193, டி1566.001 ஆனது. பதிப்பு எழுதாத பழைய பதிவேட்டில் பவர்ஷெல் தாக்குதல் அந்த ஆண்டோடு நின்றுபோனது போலத் தெரியும். எல்லா உத்திகளையும் கண்டுபிடித்துவிடுவோம் என்று அட்டவணையின் எல்லாக் கட்டங்களையும் பச்சையாக்கிக் காட்டும் போட்டி வேறு நடக்கிறது. ஒரு உத்தியைச் செய்ய பத்து வழிகள் இருக்கும்போது, ஒன்றைக் கண்டுபிடிக்கும் விதி எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடிப்பதில் பொருள் இல்லை. இன்னொன்று, ஸ்டிரைட் முறை வடிவமைப்பின்போது அச்சுறுத்தல்களை யோசிப்பதற்கு. சிவிஎஸ்எஸ் மதிப்பெண் பலவீனத்தின் கடுமையை அளப்பதற்கு. நடந்து முடிந்த தாக்குதலுக்கு இவ்விரண்டாலும் பெயர் வைக்க முடியாது.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்ற கேள்வி எழும். எங்கள் விதி எளிது: இரண்டு வகைகளுக்கான தடுப்பு வேறு வேறாக இருந்தால் பிரியுங்கள், ஒன்றாக இருந்தால் சேருங்கள். ‘கடவுச்சொல் தாக்குதல்’ என்ற ஒற்றைப் பெயரை எடுத்துக்கொள்வோம். ஒரே கணக்கின் மீது ஆயிரம் கடவுச்சொற்களை முயல்வது ஒரு வகை. சில தோல்விகளுக்குப் பின் கணக்கைப் பூட்டும் விதி அதை நிறுத்திவிடும். ஆயிரம் கணக்குகளின் மீது ஒரே கடவுச்சொல்லைத் தெளிப்பது வேறு வகை. இதில் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு தோல்விதான் விழும், பூட்டும் விதி அசையாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை வெவ்வேறு கணக்குகள் தோற்றன என்று எண்ணினால்தான் பிடிபடும். மூன்றாவது வகையில், வேறெங்கோ கசிந்த பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியல் உங்களுடையது அல்ல என்பதால், உங்களிடம் இல்லாத பயனர் பெயர்கள் கணினி தானாக எழுதும் பதிவான லாகில் குவியும். ஐபி முகவரிகள் சிதறிக் கிடக்கும். விண்டோஸில் இந்தத் தோல்விகள் 4625 என்ற எண்ணில் பதிவாகின்றன. பயனரே இல்லையா, கடவுச்சொல் தவறா என்பதை அதன் துணைக் குறியீடு பிரித்துக் காட்டும். மூன்றாவதற்கு மருந்து, கசிந்த கடவுச்சொற்களை ஏற்க மறுப்பதும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும்.

டிடாஸும் இப்படித்தான். இணைப்பையே நிரப்பும் வெள்ளத்தை விநாடிக்கு எத்தனை பிட் என்று அளக்கிறோம். அதை உங்கள் ஃபயர்வாலில் தடுக்க முடியாது, ஏனெனில் ஃபயர்வாலுக்கு முன்பே கம்பி நிரம்பிவிடுகிறது. இணையச் சேவை தருபவரோ போக்குவரத்தை வடிகட்டும் சேவையோ மேலேயே தடுக்க வேண்டும். தொடங்கிவிட்டு முடிக்காத பாதித் திறந்த இணைப்புகளால், இணைப்புகளை நினைவில் வைக்கும் நிலை அட்டவணையை நிரப்பும் சின் வெள்ளத்தை விநாடிக்கு எத்தனை பொட்டலம் என்று அளக்கிறோம். அதற்கு, இணைப்பு முழுமையாகும் வரை அட்டவணையில் இடம் ஒதுக்காத சின் குக்கீ முறை உதவும். தேடல் பக்கம் போன்ற கனமான பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதை விநாடிக்கு எத்தனை கோரிக்கை என்று அளக்கிறோம். இந்த மூன்றாவதில் போக்குவரத்து வரைபடம் கிட்டத்தட்ட வழக்கம் போலவே இருக்கும், தரவுத்தளம் மட்டும் மூச்சுத் திணறும். அதனால் அது பல இடங்களில் ‘மென்பொருள் கோளாறு’ என்று பதிவாகிறது.

பணம் அனுப்பச் சொல்லி வரும் போலி மின்னஞ்சலில் பெரும்பாலும் மால்வேரே இருப்பதில்லை. அனுப்புநர் முகவரியில் உங்கள் டொமைனையே போட்டிருந்தால், உங்கள் டொமைன் பெயரில் வரும் போலி அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையை ‘நிராகரி’ என்று வைத்திருப்பது தடுக்கும். ஓரெழுத்து மாற்றிய டொமைனைப் பதிவு செய்து அனுப்பினால் அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றிலும் அது முறைப்படி தேறிவிடும். உண்மையான அஞ்சல் பெட்டியையே கைப்பற்றியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது; திறந்திருக்கும் அமர்வுகளைத் துண்டிக்க வேண்டும், வரும் அஞ்சல்களைத் தானாக வெளியே அனுப்பும்படி எதிராளி வைத்துவிட்டுப் போன விதியைத் தேடி நீக்க வேண்டும். மூன்றையும் ‘ஃபிஷிங்’ என்று மூடிவிட்டால், அந்த விதி மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

‘என்ன கேடு’ கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகளை அனுமதியுங்கள். இப்போதைய ரான்சம்வேர் குழுக்கள் பூட்டுவதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுகின்றன. ‘கிடைக்காமை’ என்று மட்டும் குறித்தால், பேக்கப்பில் இருந்து மீட்டதும் நிகழ்வு மூடப்பட்டுவிடும். கோப்புகள் போனது போனதுதான்; பேக்கப் அதைத் திருப்பித் தராது, சட்டப்படி அறிவிக்க வேண்டிய கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி, எல்லாப் படிவங்களிலும் குப்பைக்கூடையாகிவிடும் ‘மற்றவை’. ‘மற்றவை’ என்றால் என்ன நடந்தது என்று தெரியும், பட்டியலில் பெயர் இல்லை என்று பொருள். ‘தெரியவில்லை’ என்றால் நடந்ததே தெரியாது. இரண்டையும் பிரியுங்கள். முதலாவது பத்தில் ஒன்றைத் தாண்டினால் பட்டியலைத் திருத்துங்கள். இரண்டாவதற்குக் காரணம் கேளுங்கள்: லாகே எடுக்கப்படவில்லையா, எடுத்தது அழிந்துவிட்டதா, இருந்தும் யாரும் பார்க்கவில்லையா? விண்டோஸின் பாதுகாப்பு லாக் கோப்புக்கு இயல்பாக வைத்திருக்கும் அளவு சிறியது. நிறையப் பேரின் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் அது விரைவிலேயே நிரம்பிப் பழையதை அழிக்கத் தொடங்கலாம். வெள்ளி இரவு நுழைந்தவரின் தடத்தைத் திங்கள் காலை தேடினால் என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் உறுதி அளவு ஒன்று வையுங்கள்: லாகில் கண்டது, பிற தடயங்களால் ஊகித்தது, வெறும் ஐயம். மூன்று நிலை போதும். சதவீதம் கேட்டால் எல்லோரும் 70 என்று எழுதுவார்கள்.

வகைப்படுத்தும் வேலையை மூன்று முறை செய்யுங்கள்: எச்சரிக்கை வந்ததும், பரவல் நின்றதும், நிகழ்வை மூடும்போது. பிந்தையது முந்தையதை அழிக்கக் கூடாது, மூன்றும் பதிவில் நிற்க வேண்டும். முதலில் குத்திய முத்திரைக்கும் கடைசி முத்திரைக்கும் இடையிலான வேறுபாடுதான் உங்கள் எச்சரிக்கைகள் எங்கே வழிதவற வைக்கின்றன என்பதைக் காட்டும். கணிப்பு மாறியது குற்றம் என்று யாரையும் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை யாரும் மாற்ற மாட்டார்கள்.

புதிய படிவத்தை அமல்படுத்தும் முன் ஒரு சோதனை. மூடப்பட்ட 30 நிகழ்வுகளை எடுத்து, இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் வகைப்படுத்தச் சொல்லுங்கள். எத்தனை ஒத்துப்போகின்றன என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். இருவருமே பத்தில் எட்டை ஃபிஷிங் என்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் 68 சதவீதம் ஒத்துப்போகும்: 0.8 × 0.8 + 0.2 × 0.2. அப்படியிருக்க 80 சதவீத ஒப்புமை என்பது, தற்செயலான ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா கணக்கில், 0.12ஐ (0.80 − 0.68) 0.32ஆல் (1 − 0.68) வகுத்து வரும் 0.375 மட்டுமே. கப்பா 0.6க்குக் கீழே நிற்கும் கட்டத்தின் வரையறையைத் திருத்தி எழுதுங்கள், ஆட்களை மாற்றாதீர்கள். வரையறையோடு ஒவ்வொரு வகைக்கும் ‘இது சேரும், இது சேராது’ என்று இரண்டு எடுத்துக்காட்டுகள் கொடுத்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும்.

பிறகு அதே 30 நிகழ்வுகளில் நுழைந்த வழியையும் விளைந்த கேட்டையும் குறுக்கு அட்டவணையாகப் போடுங்கள். அதிகம் நிரம்பிய மூன்று கட்டங்களையும், ‘நுழைந்த வழி தெரியவில்லை’ என்ற வரிசையின் கூட்டுத்தொகையையும் அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் மூன்று கட்டங்களையும்விடப் பெரியது என்றால், வேறு எதையும் வாங்கும் முன் லாக் சேமிப்புக்குப் பணம் கேளுங்கள்.

இப்படிக்கு,
நிகழ்வுப் பதிவுகளை வகைப்படுத்தும் பணியில் இருப்போர்