சேலையை எடுத்துக்கொண்டு போ

காட்பாடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். நீங்களும் நலம் என்பதை நேற்றுத் தொலைபேசியிலேயே தெரிந்துகொண்டேன். வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலூர் வேலூராகவே இருக்கிறது. நாங்கள் வெளிநாடு போய்த் திரும்பி இவ்வளவு காலமாகியும் ஒழுங்காக ஒரு வரி எழுதவில்லை என்று நீ மனத்தாங்கலோடு இருப்பது தெரியும். அந்தக் கடனையும் சேர்த்தே இன்று அடைத்துவிடுகிறேன்.

விசா கிடைத்தது, பயணச்சீட்டு எடுத்தாயிற்று, ஜெர்மனியின் கொலோன் நகரில் உன் மகள் பாப்பா வீட்டில் தங்கியபடி உரோமைக்கும் பிரான்சில் இருக்கிற லூர்துக்கும் போய்வரப் போகிறீர்கள் என்று நீ சொன்னவரை எல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போகிற போக்கில், "சேலையெல்லாம் வேண்டாம் அம்மா, கோவிலில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இரண்டு பேன்ட் வாங்கி வைத்திருக்கிறேன்" என்று பாப்பா சொன்னதாகவும், தங்கச்சி மறுபேச்சுப் பேசாமல் பெட்டியில் அடுக்கிய சேலைகளை எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டதாகவும் சொன்னாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஆரணியில் பிறந்து தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த பிள்ளை சொல்லுகிற பேச்சா இது? நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்.

பேன்ட் போடுவதில் ஒரு தவறும் இல்லை. தங்கச்சி ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டால் நானே முதலில் கைதட்டுவேன். பயந்துபோய்ப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் ஐரோப்பாவின் பெரிய பேராலயங்கள் உடையைப் பற்றிக் கேட்பதையெல்லாம் சேலை முன்பே செய்துவைத்திருக்கிறது. தோள் மூடியிருக்க வேண்டும், முழங்கால் மூடியிருக்க வேண்டும். உரோமையில் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைய இவ்வளவுதான் விதி. மிலான் பேராலயத்திலும் ஏறக்குறைய இதே விதிதான். கையில்லாத மேல்சட்டை, குட்டைப் பாவாடை, அரைக்கால் சட்டை ஆகியவற்றோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இது பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே, ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் மாப்பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன், பாப்பாவிடமும் படித்துக் காட்டு. உரோமையில் ஒரு பேராலயத்தின் வாசலில், கொளுத்துகிற வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று நாங்கள் உள்ளே நுழையப் போகும்போது, காவலர் ஒருவர் வாயைத் திறக்காமல் மாப்பிள்ளையின் முழங்காலை விரலால் சுட்டிக் காட்டினார். அவர் அணிந்திருந்தது நம் ஊரில் பிள்ளைகள் போடுகிற அந்த அரைக்கால் சட்டை. முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது. ஆங்கிலத்தில் நயமாகப் பேசிப் பார்த்தார், எடுபடவில்லை. வெளியே போய், இதற்காகவே தோளில் துணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற வியாபாரியிடம், பூப்போட்ட மெல்லிய துணி ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்கி, இடுப்பில் கைலியைப் போலச் சுற்றிக்கொண்டு வந்தார். எம்.டெக். படித்து ஜெர்மனியில் வேலை பார்க்கிறவர் சிவப்புப் பூப்போட்ட கைலியோடு உள்ளே நுழைந்த காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அண்ணியோ சாதாரணப் பருத்திச் சேலையில், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை அன்று மாலை வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறைசாட்சி தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று, 2022 மே 15ஆம் தேதி, நம் மக்கள் பட்டுச் சேலையும் வேட்டியுமாகப் பேதுரு சதுக்கத்தில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து நீ கண்கலங்கியதாகச் சொன்னாய். அந்தச் சதுக்கத்துக்குத்தான் நீங்கள் இப்போது போகிறீர்கள். அதையும் பாப்பாவுக்கு நினைவுபடுத்து.

சேலையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ரவிக்கைக்குக் கை முழங்கை வரை இருக்கட்டும். கீழே சற்று இறக்கித் தைக்கச் சொல். இடுப்பைப் பற்றி எங்களை எந்த வாசலிலும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து பின் குத்திவிட்டால், பார்க்கிறவர்களுக்கும் கட்டியிருக்கிறவளுக்கும் நிம்மதி. பட்டு ஒன்று போதும், மற்றவை பருத்தியாக இருக்கட்டும். ஜூன் மாத உரோமை நம் வேலூருக்குச் சளைத்ததல்ல. வெளியே நடக்கும்போது வியர்த்துக் கொட்டும். கொலோனில் அப்படியில்லை. அங்கே பழைய கல் கோவில்களுக்குள் கோடையிலும் காலுக்கடியிலிருந்து குளிர் ஏறும். ஒரு கம்பளிச் சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். லூர்து மலையடிவாரத்து ஊர், கோடையிலும் திடீரென்று மழை பிடித்துக்கொள்ளும். மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

முக்காடு போட வேண்டுமா என்று தங்கச்சி கேட்டாளாம். கட்டாயம் இல்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை. ஐரோப்பாவில் இன்று பெரும்பாலான பெண்கள் வெறுந்தலையோடுதான் பூசை காண்கிறார்கள். நம் பெண்களுக்கு அது சட்டத்தால் வந்த பழக்கமாக எனக்குப் படவில்லை. வீட்டில் செபமாலை சொல்லும்போதும் கை தானாக முந்தானைக்குப் போகிறது. போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆண்களின் தலை அப்படியல்ல, கோவிலுக்குள் திறந்திருக்க வேண்டும். உன் குரங்குக் குல்லாவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மார்கழி விடியற்காலைப் பூசைக்கு அதோடு வந்து நின்று, பழைய சாமியாரிடம் நீ வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? கொலோன் பேராலயத்தில் சிவப்பு அங்கி அணிந்த பணியாளர்கள் உலாவிக்கொண்டே இருப்பார்கள். தொப்பியோடு வருகிற ஆண்களைக் கழற்றச் சொல்வது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. உனக்கு வேட்டி ஆசை இருப்பதும் எனக்குத் தெரியும். கணுக்கால் வரை இறங்கிய வேட்டியை எந்த விதியும் தடுக்காது. பாதி வழியில் நீ மடித்துக் கட்டினாயானால், எங்கள் மாப்பிள்ளைக்கு நேர்ந்ததுதான் உனக்கும்.

செருப்பு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே யாரும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவதில்லை. ஜெர்மனியில் நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு அருகே சிறிய பங்குக் கோவில் ஒன்று. முதல் ஞாயிறன்று உன் அண்ணி, நான் தடுப்பதற்குள், செருப்பைக் கழற்றிக் கதவோரமாக ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு பெரிய வாசலில் அந்த ஒரு சோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. பூசை முடிந்ததும் கோவில் பணியாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்துக்கு அருகே வந்து, யாருடையது என்று உயர்த்திக் காட்டினார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாப்பா பயப்படுகிற அந்தத் திரும்பிப் பார்த்தல் எங்களுக்குச் சேலையால் வரவில்லை, செருப்பால்தான் வந்தது. உன் அண்ணி சற்றும் அசராமல் எழுந்து போய் வாங்கிக்கொண்டு, கைகுவித்து நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் முதல் காலணியோடுதான் உள்ளே போனாள் என்றாலும், நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்துகொண்டே இருந்தது. காலணியைக் கழற்றுவதும் கைகுவித்துச் சமாதானம் சொல்வதும், 1969இல் இந்தியத் திருப்பலிக்கென்று உரோமை அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் அடங்கியவை, உலகத்துக்கே உரிய முறையல்ல என்று எடுத்துச் சொன்னேன். "உலகத்துக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சமாதானம் சொல்லும் நேரத்தில் அங்கே கைகுலுக்குவார்கள். பக்கத்தில் இருப்பவர் ஆணோ பெண்ணோ, கையை நீட்டிவிடுவார். தங்கச்சி திடுக்கிட வேண்டாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பேச்சும் கிடையாது. நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். பிரசங்கத்தின்போது நீ விடுகிற குறட்டையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவள் பக்கத்தில் இருந்து கேட்கப் போகிறாள்.

இன்னொன்று, உடையோடு சேர்ந்ததுதான். பெரிய பேராலயங்களில் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. சில இடங்களில் பூசைக்கு வருகிறவர்களுக்குத் தனி வாசலே உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. வாசலில் நிற்பவர் உன்னைப் பார்த்த நொடியிலேயே நீ எந்த வகை என்று தீர்மானித்துவிடுகிறார். கழுத்தில் கேமரா, தலையில் தொப்பி, கையில் தண்ணீர்ப் பாட்டில் என்று போய் நின்றால், பூசைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நீ வாதாடி நிரூபிக்க வேண்டியிருக்கும். நாங்கள் போன இடங்களில் உன் அண்ணியின் முக்காட்டையும் கையிலிருந்த செபமாலையையும் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கயிற்றை விலக்கி வழிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பயணத்தில் கழிவதாக இருந்தால் சனி மாலைப் பூசையே போதும், ஞாயிறு கடன் தீர்ந்துவிடும். நன்மை வாங்க ஒரு மணி நேர ஒருசந்திதான். அதற்காக நீ முந்தின இரவிலிருந்து பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளாதே.

நீங்கள் ஆகஸ்ட் வரை இருப்பதானால் கொலோனிலிருந்து எட்டிவிடும் தொலைவில் கெவலார் மாதா திருத்தலம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த மாதத்தில் ஈழத் தமிழர்கள் அங்கே திருயாத்திரை போகிறார்கள், இந்துக்களும் சேர்ந்தே வருகிறார்கள். பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமாக அவர்கள் கூடுகிற இடத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிற தங்கச்சியைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

விளையாட்டாக எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். இனி எழுதப்போவது விளையாட்டு அல்ல. தங்கச்சி சேத்துப்பட்டுக்காரி. தாராஸ் சாமி எழுப்பிய லூர்து மாதா கோவிலின் நிழலில் வளர்ந்தவள். 1989இல் மாவட்டத்தை இரண்டாக வெட்டிய பிறகும் நம் வட ஆற்காட்டு மக்கள் திருவிழா என்றால் அங்கேதான் போகிறோம். கல்யாணமான வருடம் அந்தத் திருவிழாவுக்கு அவள் அரக்குப் பட்டில் வந்ததும், அம்மா அவளை மாதா குகையான கெபியின் முன் நிறுத்தி நெற்றியில் சிலுவை போட்டதும் உனக்கு மறந்திருக்காது. அந்த மாதா 1858இல் காட்சி கொடுத்த அசல் கெபியின் முன்னால் போய் நிற்கப்போகிறாள். இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. ஆயிரக்கணக்கானோர் அவரவர் மொழியில் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள். அங்கே என்ன உடுத்திக்கொண்டு நிற்பது என்று அவள் மனத்துக்குள் எப்போதோ முடிவு செய்திருப்பாள். பாப்பா அன்பினால்தான் சொல்கிறாள். தன் அம்மாவை யாரும் ஏளனமாகப் பார்த்துவிடக் கூடாது என்கிற பயம் அவளுக்கு. அந்த ஊரில் தனியாக வாழத் தொடங்கிய காலத்தில் அவளை யாராவது அப்படிப் பார்த்திருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவளைத் திட்டாதே, நானே பேசுகிறேன். என் பேச்சைத் தட்டமாட்டாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: தங்கச்சியிடம் நேராகக் கேள். மகள் சொன்னாள், ஊர் பார்க்கும் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, உனக்கு எது வேண்டும் என்று கேள். இத்தனை வருடத்தில் அவளிடம் நீ அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை ஆரணிக்கு வருகிறேன். என் கம்பளிக் கோட்டைக் கொண்டுவருகிறேன், போட்டுப் பார். வயிற்றுப் பக்கம் பொத்தான் மாட்டாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் தையற்காரரை அன்று மாலை வீட்டுக்கு வரச் சொல்லிவை. தங்கச்சியின் ரவிக்கைக்கும் அப்போதே அளவு கொடுத்துவிடலாம்.

என்றும் உன்,
சூசை