மீன் செத்த தொட்டியை மூடிவிடாதீர்கள்

கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் தேவனாம்பட்டினத்துக்காரி. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். எங்கள் மகள் எட்டாம் வகுப்பு.

அவள் பள்ளியில் போன வருஷம் சிமெண்ட் தொட்டி கட்டி ரோகு, கட்லா குஞ்சுகள் விட்டார்கள். புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, மறுபடி மறுபடி தண்ணீர் மாற்றியதெல்லாம் பிள்ளைகள்தான். அரையாண்டு லீவு முடிந்து போனால் அத்தனை மீனும் செத்து மிதந்தன. அந்த வாரமே மண் கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது அதில் செம்பருத்தி நிற்கிறது.

ஏன் செத்தன என்று பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகளிடம் நான் கேட்டேன். லீவுக்கு முந்தின நாள் பாசி போகத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பி, பத்து நாளைக்கும் சேர்த்துத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் அள்ளிப் போட்டார்களாம். எல்லாமே பாசத்தில் செய்தது. ஆனால் மீன் கழிவிலும் அழுகும் தீனியிலும் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, அந்தச் சுவரின் வழவழப்பில்தான் குடியிருந்தது. தேய்த்ததில் அது போய்விட்டது. குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் செவுளைப் புண்ணாக்கும். புண்ணாக்கு அழுக அழுகத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், விடியற்காலையில் இன்னும் மோசம். புத்தகத்தில் நாலு பாடமாகக் கிடப்பது ஒரே தொட்டியில் நடந்திருக்கிறது, நாம் மண்ணைப் போட்டு மூடினோம்.

திரும்பத் தொடங்குங்கள். முதல் மாதம் பத்துக் குஞ்சு போதும். அம்மோனியா அளவைப் பிள்ளைகளே பார்த்துச் சுவரில் எழுதட்டும். மாதம் ஒருமுறை சில மீன்களை எடைபோட்டு, ஒரு நாளைக்கு மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தீனி என்று அவர்களே கணக்குப் போடட்டும். ஆழம் முழங்காலளவு, மேலே வலை. ஜிலேபி கெண்டை வேண்டாம், அது வேகமாகப் பெருகும் வெளிநாட்டு மீன்; மழையில் தொட்டி வழிந்தால் கெடிலம் ஆற்றுக்குத்தான் போகும்.

கோடை லீவில் யார் பார்ப்பது என்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எங்கள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அந்தச் செம்பருத்தியை வேரோடு எடுத்து வேறிடத்தில் வைக்க, மண் அள்ள, நானும் வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தேவனாம்பட்டினம்