வெந்நீர் காய்ச்சிக் கொடுத்த அம்மாவுக்கும் மற்ற அனைவருக்கும் எங்கள் பள்ளியின் நன்றி

பெற்றோர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், ஏற்காடு மலையிலும் கீழே சேலத்திலும் இருந்து எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

2021 டிசம்பர் 25 அன்று தொடங்கிய அரையாண்டு விடுமுறை கொரோனா தொற்றால் ஜனவரி முழுவதும் நீண்டு, 2022 பிப்ரவரி 1 அன்றுதான் பள்ளி மீண்டும் திறந்தது. அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இன்று காலை வருகைப்பதிவேட்டில் ஐந்து வகுப்புகளிலும் ஒருவருக்குக்கூட விடுப்புப் போட வேண்டியிருக்கவில்லை. அந்த நிறைவு மனத்தில் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பதினைந்து வயதைக் கடந்த மாணவர்களுக்கு ஜனவரி 3 முதல் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. முகக்கவசத்தையும், திறந்து வைத்த சன்னலையும், சோப்புப் போட்டுக் கழுவிய கையையும் நம்பித்தான் பெற்றோர் அவர்களை அனுப்பி வைத்தார்கள். ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஒன்பது மணியானாலும் பனிமூட்டம் விலகாத இந்த மலையில், இரவெல்லாம் தொட்டியில் கிடந்த தண்ணீரைக் காலையில் தொடவே முடியாது. பிள்ளைகள் விரல்நுனியை மட்டும் நனைத்து, ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். முதல் வகுப்புக் குழந்தை அந்தத் தண்ணீரில் ஐந்து விநாடிகூடக் கையை வைத்திருக்காது.

பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் அம்மா இதைத் தம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோட்ட வேலைக்குப் போய் ஓய்ந்தவர். அவருடைய பேரப்பிள்ளைகள் எவரும் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. பள்ளி திறந்த இரண்டாம் நாளே, நான் வந்து சேர்வதற்குள், சுற்றுச்சுவருக்கு வெளியே மூன்று கல் கூட்டி, தம் வீட்டு அண்டாவை ஏற்றி, காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் கவாத்து செய்த சுள்ளிகளை வைத்து வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்தத் தண்ணில கை வைன்னா எந்தப் புள்ள டீச்சர் வைக்கும்?" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கொதிநீரை வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, தம் புறங்கையில் விட்டுப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் செம்பால் ஊற்றினார். அண்டா இருக்கும் பக்கம் ஒருவரையும் அண்ட விடவில்லை. சன்னல்களை மூடக் கூடாது என்பதால் அடுப்புப் புகை வகுப்பறைக்குள் வரத் தொடங்கியது. நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர் காற்றடிக்கும் திசை பார்த்து, கற்களைப் பெயர்த்துக் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த வயதில் அந்தக் கற்களை எப்படித் தூக்கினாரோ தெரியவில்லை. அன்று தொடங்கி ஒரு காலைகூட அவர் வராமல் இருந்ததில்லை.

கிருமியின் மேலுறையைக் கரைப்பது சோப்புதான், வெந்நீர் அன்று என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் பாடமாகவே சொல்லியிருக்கிறோம். ஆனால் தண்ணீர் இதமாக இருந்தால்தான் சோப்பு தன் வேலையைச் செய்யும் வரை சின்னக் கைகள் பொறுத்திருக்கின்றன. எங்களுக்கு வந்த வழிகாட்டுதல்களில் முகக்கவசம், இடைவெளி, கைகழுவுதல் எல்லாம் இருந்தன. தண்ணீரின் குளிர்ச்சியை நினைத்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தாம். இன்னொரு நன்மையும் நாங்கள் எதிர்பாராமல் வந்தது. இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் முதல் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்தவர்கள். கடந்த நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குள் வந்தார்கள், பழகுவதற்குள் மறுபடியும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிப்ரவரியில் வாசலில் நின்று தாயின் முந்தானையை விடாமல் அழுதவர்களை, "வா சாமி, கை காய வெச்சிக்க" என்று அழைத்து, சூடான ஈரக் கையோடு உள்ளே அனுப்பி வைத்தவரும் அவரே. அந்தக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைப்பது எங்களுக்கு எளிதாயிற்று. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை; இந்த ஊரில் அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை.

ஜனவரி, காப்பிப் பழம் பறிக்கும் காலம். தாயோடு தோட்டத்துக்குப் போய்ப் பழகிவிட்ட பிள்ளைகளை வீடுவீடாகச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்ப வைத்த மேஸ்திரிகளுக்கும், சிக்னல் கிடைக்காத வீடுகளுக்குப் பாடத்தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இளைஞர்களுக்கும், பிள்ளைகளின் முகத்துக்கு ஏற்ற அளவில் முகக்கவசம் தைத்து அனுப்பிய சேலத்துத் தையற்கடை நண்பருக்கும், முட்டையோடு சூடான சோறு தவறாமல் போட்ட சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும், கேட்டபோதெல்லாம் வந்து பார்த்த கிராம சுகாதாரச் செவிலியருக்கும் எங்கள் நன்றி. பயம் இருந்தும் எங்களை நம்பி அனுப்பிய பெற்றோர்களே, உங்கள் நம்பிக்கை இல்லாமல் இவற்றில் எதுவும் பயன்பட்டிருக்காது.

அந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். சுள்ளி பொறுக்கும் வேலையாவது இனி அவருடையதாக இருக்கக் கூடாது. விறகுக்கும் சோப்புக்கும் ஆகும் செலவைப் பள்ளியே ஏற்பதென்றும், பெரிய அண்டா ஒன்று வாங்கி அவருடையதைத் திருப்பித் தருவதென்றும் நாங்கள் ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வைப்போம். தொற்று முற்றிலும் ஒழிந்த பிறகும், நான் இந்தப் பள்ளியில் இருக்கும் வரை, கார்த்திகை முதல் மாசி வரை பிள்ளைகளுக்கு வெந்நீர் கிடைக்கும் என்று உங்கள் அனைவருக்கும் உறுதி கூறுகிறேன்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை